எழுத்துத் தெரியாத சிப்புல திருகோணமலை எண்டு எழுதின கதை

உப்புவெளியில என்ர மச்சான் ஒருத்தர் ரியூசன் வகுப்பு வைச்சிருக்கிறார், கடற்கரையில இருந்து ரெண்டு ஒழுங்கை தள்ளி. உப்புக்காத்துக்கு அங்க எந்தச் சாமானும் கனகாலம் நிக்காது, பழைய டெஸ்க்டொப் ஒவ்வொண்டையும் திறந்து பாத்தா போர்ட் முழுக்க பச்சை பிடிச்சுக் கிடக்கும். கடைசியா ஒண்டுதான் உயிரோட மிஞ்சிச்சு, அதால போன மாசம் நாலு ராஸ்பெரி பை, உள்ளங்கையளவு சின்னக் கொம்பியூட்டர் போர்ட், எடுத்து, ரெண்ட பழைய மொனிட்டரிலயும் மற்ற ரெண்ட ஆரோ குடுத்த டிவியிலயும் கொழுவி விட்டம். அதில ஒண்டு மட்டும் ஒரே இருட்டு. மச்சான் கோல் எடுத்து "போர்ட் செத்துப்போச்சு போல கிடக்கு, ஒருக்கா வந்து பாரன்" எண்டார். போய்ப் பாத்தா போர்டுக்கு ஒண்டுமில்ல, டிவிய ஓன் பண்ண முதல் போர்டுக்குக் கரண்ட் குடுத்திருக்கினம், அது கேபிளின்ர அந்தப் பக்கம் ஒண்டும் இல்லை எண்டு நினைச்சு படத்த அனுப்பவே இல்ல. டிவிய முதல் போட்டு, பிறகு போர்டப் போட்டவுடன மேல இடப்பக்கம் நாலு ராஸ்பெரிப் பழம் வரிசையா வந்து, அதுக்குக் கீழ எழுத்து கடகடவெண்டு ஓடிச்சு.

அங்க பத்தாம் ஆண்டு படிக்கிற பெடியன் ஒருத்தன் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு இருந்தவன். அவன் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்கே காரணம். "அண்ணா, அந்தப் பழைய கொம்பியூட்டர்ல லினக்ஸ் போட்டா முதல்ல எழுத்து பெரிசா வரும், நடுவில ஒருக்கா ஸ்க்ரீன் இருட்டாகும், பிறகு எல்லாம் சின்ன எழுத்தா மாறிடும். இதுல அப்பிடி மாறவே இல்லையே, ஏன்?"

எவ்வளவோ வருசமா நாங்க எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கிற ஒரு விசயம், ஆனா ஒருத்தரும் கேக்கிறேல்ல. அந்த ஒரு செக்கன் இருட்டுக்குள்ள நடக்கிறது என்னெண்டா, எழுத்து எழுதிற வேலை ஹார்ட்வெயாரின்ர கையில இருந்து ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின்ர கைக்கு மாறுது. ராஸ்பெரி பையில அந்த மாற்றம் இல்ல, ஏனெண்டா அதின்ர கிராபிக்ஸ் சிப்புக்கு எழுத்து எண்டா என்னெண்டே தெரியாது. தொடக்கத்தில இருந்தே தெரியாது.

அவனுக்கு நான் அச்சுக்கூடத்தையும் கோலத்தையும் வைச்சுத்தான் விளங்கப்படுத்தினன். பழைய அச்சுக்கூடத்தில ஈய எழுத்துகளப் பெட்டி பெட்டியாப் பிரிச்சு வைச்சிருப்பினம், 'க' வேணும் எண்டா 'க' பெட்டிக்குள்ள கையப் போட்டு எடுத்து அடுக்கிறது, எழுத்த ஒருத்தரும் வரையிறேல்ல. ஐபிஎம் 1987ல கொண்டு வந்த விஜிஏ எண்ட கிராபிக்ஸ் ஹார்ட்வெயார் அப்பிடித்தான். அதில டெக்ஸ்ட் மோட் எண்டு ஒண்டு இருக்கு, 80 நிரல் 25 வரி, மொத்தம் 2000 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் 2 பைட்தான், ஒண்டு எந்த எழுத்து எண்டு, மற்றது என்ன கலர் எண்டு. ஆக முழு ஸ்க்ரீனுக்கும் 4000 பைட். மெமரியில ஹெக்ஸ்ல பி8000 எண்ட இடத்தில போய் ஒரு பைட்ட எழுதினா அடுத்த தரம் ஸ்க்ரீன் புதுப்பிக்கிறபோது அந்த எழுத்து தெரியும், அவ்வளவுதான் வேலை. எழுத்தின்ர வடிவம் கார்டுக்குள்ள 256 பெட்டியா இருக்கு, ஒவ்வொரு பெட்டியும் 8 புள்ளி அகலம் 16 புள்ளி உயரம், சிப்பே கட்டத்தப் பாத்து, பெட்டியப் பாத்து, புள்ளியா மாத்தி மொனிட்டருக்கு அனுப்பும். கட்டத்தின்ர அகலம் உண்மையில 9 புள்ளி, அந்த ஒன்பதாவது புள்ளி எழுத்துக்கு இடையில விடுற இடைவெளி, அதாலதான் டெக்ஸ்ட் மோட் 720க்கு 400 எண்டு வருது. கேர்சர் மினுங்கிறது கூட சிப்பின்ர வேலை. ஸ்க்ரோல் பண்ண வேணும் எண்டா எந்த இடத்தில இருந்து வாசிக்கத் தொடங்கோணும் எண்டு ஒரு ரெஜிஸ்டர்ல மாத்தி விட்டாலே காணும்.

கோலம் அப்பிடி இல்ல. வெறும் நிலம், புள்ளி வைக்கிறதும் நீதான் இழுக்கிறதும் நீதான். ஃப்ரேம்பஃபர் எண்டு சொல்றது அதுதான், ஒரு பெரிய மெமரித் துண்டு, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு கலர், அதுக்கு மேல சிப்புக்கு ஒரு அறிவும் இல்ல. 1920க்கு 1080 ஸ்க்ரீனில பிக்சலுக்கு 4 பைட் எண்டு வைச்சா 82,94,400 பைட் வரும். 4000 எங்க, 83 லட்சம் எங்க.

இது புதுப் பிரச்சினை எண்டு நினைச்சிடாதேங்கோ. 1984ல வந்த முதல் மெக்கின்டொஷ்ல டெக்ஸ்ட் மோட் இல்ல, 512க்கு 342 கறுப்பு வெள்ளைப் புள்ளிதான், 21,888 பைட், ஒவ்வொரு எழுத்தையும் சொஃப்ட்வெயார் வரைஞ்சது. அடுத்த வருசம் வந்த அமிகா, அடாரி எஸ்டி எல்லாம் அதே சாதிதான். பிசி வைச்சிருந்த ஆக்களுக்குத்தான் எழுத்து எண்டது இலவசமாக் கிடைச்சது, அதால லினக்ஸும் தொடங்கேக்க விஜிஏ இருக்கும் எண்டு நம்பித்தான் எழுதப்பட்டது. பிறகு அமிகா, அடாரி, மெக் மாதிரி மோட்டரோலா 68000 வகை மெசின்களுக்கு லினக்ஸக் கொண்டு போகேக்க அங்க பி8000 எண்டு ஒரு இடமே இல்ல, லொகின் எண்டு ஒரு சொல்லுக் காட்டுறதுக்கே வழி இல்ல. அந்தத் தேவையிலதான் ஃப்ரேம்பஃபர் டிவைஸும், அதுக்கு மேல ஓடுற எஃப்பிகொன் எண்ட கொன்சோலும், அதாவது வெறும் எழுத்து ஓடுற ஸ்க்ரீனும், பிறந்தது. 2.1 வரிசை கேர்னலில, அதாவது லினக்ஸின்ர மையப் பகுதியில, 1998ல, அது எல்லா வகை மெசினுக்கும் பொதுவாச் சேந்துட்டுது. பூட் ஆகேக்க பெங்குவின் படம் வருமே, அதுவும் அங்க இருந்து வந்ததுதான், எல்லாம் புள்ளி எண்டு ஆனபிறகு எழுத்தோட படத்தையும் போடலாம் தானே. ஒரு சிபியு கோருக்கு ஒரு படம். நாலு ராஸ்பெரி வந்தது நாலு கோர் எண்டபடியாத்தான், இதச் சொன்னவுடன பெடியன் எழும்பிப் போய் மற்ற டிவியிலயும் எண்ணிப் பாத்திட்டு வந்தான்.

சிப்புக்கு எழுத்துத் தெரியாட்டி ஒப்பரேட்டிங் சிஸ்டம் என்னென்ன சுமக்க வேணும் எண்டதக் கொஞ்சம் நிண்டு யோசிச்சுப் பாருங்கோ. முதல்ல எழுத்துப் பெட்டியே கேர்னலுக்குள்ள இருக்கோணும். 8க்கு 16 எழுத்து எண்டா ஒரு வரிசைக்கு ஒரு பைட், ஒரு எழுத்துக்கு 16 பைட், 256 எழுத்துக்கு 4096 பைட், அது கேர்னலோடயே கொம்பைல் ஆகி வருது, ஏனெண்டா ஹார்ட் டிஸ்க் வாசிக்க முதலே எழுத்து வேணும். பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் 128 பிக்சலத் தானே நிரப்போணும். கேர்சர் மினுங்கிறதுக்கும் கேர்னல் ஒரு டைமர் வைச்சு அந்தக் கட்டத்த மாறி மாறிப் பிரட்டிக்கொண்டு இருக்கோணும். ஸ்க்ரோல்தான் இதில பெரிய பாரம், ஒரு வரி மேல போறதுக்கு முழு ஸ்க்ரீனையும் நகத்தோணும், அதுவும் கிராபிக்ஸ் மெமரியில எழுதிறது வேகம், அங்க இருந்து திருப்பி வாசிக்கிறது சரியான மந்தம். அதால பழைய படத்த வாசிச்சு நகத்திறத விட, எழுத்துகள மனசில வைச்சு முழுக்கத் திரும்ப வரையிறதே கெதி எண்டு கனக்க இடத்தில அப்பிடித்தான் செய்யினம். ஷிஃப்டையும் பேஜ் அப்பையும் அமத்தி ஓடிப்போன வரிகளப் பாக்கிற வசதி முந்தி இருந்தது, 2020ல 5.9 கேர்னலில அத எடுத்துட்டினம், அந்தக் கோடுக்கு ஒரு பராமரிப்பாளர் இல்ல, பாதுகாப்பு ஓட்டையும் இருந்தது. சரியான முடிவுதான் எண்டு எனக்கு விளங்குது, ஆனாலும் பூட் ஆகேக்க ஒரு பிழை மேல ஓடிப் போற நேரம் எல்லாம் கை தானா அந்த ரெண்டு கீயையும் தேடுது.

இப்ப பிசியிலயும் அந்த இலவசம் முடிஞ்சு போச்சு. யூஇஎஃப்ஐ எண்ட புதுத் தொடக்க முறை வந்த பிறகு மெசின் தொடங்கேக்க ஃபேர்ம்வெயார், அதாவது போர்டிலயே இருக்கிற மென்பொருள், ஒரு ஃப்ரேம்பஃபரத் தயார் பண்ணி அதின்ர விலாசம், அகலம், உயரம் எல்லாத்தையும் ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்லிட்டு விலகிடும். பழைய பயோஸ் முறைய 2020க்குள்ள கைவிடப் போறம் எண்டு இன்டெல் 2017லயே சொல்லிட்டுது. ராஸ்பெரி பையிலயும் கிட்டத்தட்ட அதே கதைதான், அங்க சிபியு எழும்ப முதல் கிராபிக்ஸ் பக்கம்தான் முதல்ல எழும்பும், வானவில் மாதிரி ஒரு ஸ்க்ரீன் வருமே அதுதான் அந்த நேரம். லினக்ஸ்ல இப்பிடி ஃபேர்ம்வெயார் விட்டுட்டுப் போற ஃப்ரேம்பஃபர எடுத்துக்கொள்ளுறதுக்கு முதல்ல ஈஎஃப்ஐஎஃப்பி, சிம்பிள்எஃப்பி எண்டு தனித்தனியா இருந்தது, 2021ல 5.14 கேர்னலில சிம்பிள்டிஆர்எம் வந்து அத ஒழுங்கான கிராபிக்ஸ் அமைப்புக்குள்ள கொண்டு வந்தது. அந்தச் சிப்புக்கெண்டு எழுதின உண்மையான டிரைவர் வரும் வரைக்கும் அது ஆசனத்தப் பிடிச்சு வைச்சிருக்கும். நைட் மெயிலில கோர்ணர் சீற்றில துவாயப் போட்டு வைக்கிற மாதிரி.

லினக்ஸ் மாதிரி இன்னொரு ஒப்பரேட்டிங் சிஸ்டமான ஃப்ரீபிஎஸ்டியில இதே விசயம் இன்னும் வலியா நடந்தது. அங்க இருந்த பழைய கொன்சோல் சிஸ்கொன்ஸ், விஜிஏ டெக்ஸ்ட் மோட நம்பினது. புது கிராபிக்ஸ் டிரைவர் கேர்னலுக்குள்ளயே இருந்து ஸ்க்ரீன் மோட மாத்தத் தொடங்கினவுடன, கிராபிக்ஸ்ல இருந்து எழுத்துக் கொன்சோலுக்குத் திரும்பிப் போக வழி இல்லாமப் போச்சு, போனா இருட்டு. அதுக்காகவே விடி எண்டு புதுக் கொன்சோல் எழுதினவை, 2014ல 9.3 ரிலீஸ்ல வந்து 2016ல 11.0ல அதுவே வழமை ஆயிட்டுது. எல்லா மொழி எழுத்துக்கும் இலக்கம் குடுக்கிற யுனிகோடும் பெரிய ஃபொன்டும் அதோட சேந்து வந்தது.

எழுத்து மோட் இல்லாததால வாற மிகப்பெரிய கஸ்டம் எது எண்டு கேட்டா நான் கேர்னல் பனிக்கத்தான் சொல்லுவன். சிஸ்டம் சாகிற நேரம், மெமரி குழம்பிப்போய், ஒண்டையும் நம்பேலாத நேரம், கடைசியா ஒரு வசனம் சொல்ல வேணும். விஜிஏ இருந்தா பி8000ல நாலு பைட்ட எழுதிட்டுச் சாகலாம். கிராபிக்ஸ் ஸ்க்ரீனில அப்பிடி ஏலாது, முந்தின காலத்தில டெஸ்க்டொப் ஓடேக்க பனிக் வந்தா படம் அப்பிடியே உறைஞ்சு நிக்கும், கீபோர்ட் லைட்டுகள் மட்டும் மினுங்கும், என்ன நடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இதுக்கு ஒழுங்கான பதில் லினக்ஸ்ல 2024லதான் வந்தது, 6.10 கேர்னலில டிஆர்எம் பனிக் எண்டு ஒண்டு, சாகிற நேரத்திலயும் டிரைவரக் கேட்டு ஒரு பஃபர எடுத்து எழுத்த வரைஞ்சு காட்டும், 6.12ல கியூஆர் கோடாவும் காட்டலாம் எண்டு வந்துட்டுது, போனால ஸ்கேன் பண்ணி முழு விவரத்தையும் எடுக்கலாம். விஜிஏயில சும்மா கிடைச்ச ஒரு விசயத்தத் திருப்பிச் சம்பாதிக்க எத்தின வருசம் பாருங்கோ.

இவ்வளவும் சொல்லி முடிய பெடியன் ரெண்டாவது கேள்விய எடுத்தான். "அப்ப அண்ணா, எல்லாம் புள்ளி எண்டா தமிழும் வரும் தானே?"

வரோணும். அதுதான் நியாயம். நான் கீபோர்ட அவனிட்டக் குடுத்து, ஒரு ஃபைலில திருகோணமலை எண்டு எழுதி கொன்சோல்ல காட்டச் சொன்னன். வந்தது பத்துக் குறி, எல்லாம் ஒரே மாதிரி, ஃபொன்டில இல்லாத எழுத்துக்குப் போடுற குறி. அவன் விரல் விட்டு எண்ணிட்டு "திருகோணமலையில ஆறு எழுத்துத்தானே, ஏன் பத்து?" எண்டான். யுனிகோட்ல தி எண்டது ரெண்டு, ரு ரெண்டு, கோ ரெண்டு, ண ஒண்டு, ம ஒண்டு, லை ரெண்டு. எங்கட ஊர்ப்பேர விடத் திறமான சோதனைச் சொல்லு கிடைக்காது எண்டு அண்டைக்குத்தான் எனக்கே உறைச்சது. தி-யில விசிறி 'த'வோட ஒட்டோணும், ரு-வில எழுத்தின்ர உருவமே மாறோணும், கோ-வில ஒரு குறி ரெண்டாப் பிரிஞ்சு 'க'வுக்கு அங்கால ஒண்டு இங்கால ஒண்டு நிக்கோணும், லை-யில பின்னால வாற குறி முன்னால போகோணும். தமிழின்ர எல்லாச் சிக்கலும் ஒரே பேருக்குள்ள.

சும்மா ஃபொன்டில தமிழ் எழுத்தச் சேத்தாக் காணாதா எண்டு கேட்டான், கணக்குப் போட்டுப் பாத்தம். 247 எழுத்து, கிரந்தம் அஞ்சுக்கும் பதின்மூண்டு பதின்மூண்டா 65, ஸ்ரீ ஒண்டு, ஆங்கில எழுத்தும் இலக்கமும் குறிகளும் 95, மொத்தம் 408. லினக்ஸ் கொன்சோல் ஃபொன்டில 512 வரைக்கும் போடலாம், ஆக இடம் இருக்கு! ஆனா அந்த 512 எண்ட எல்லை எங்க இருந்து வந்தது எண்டு பாத்தா நெஞ்சு எரியும். விஜிஏயில 256க்கு மேல வேணும் எண்டா கலர் பைட்டில ஒரு பிட்ட எழுத்துக்குக் குடுத்து 512 ஆக்கலாம், அதுக்கு விலையா பிரகாசமான எழுத்துக் கலர்கள் எட்டும் போயிடும். விஜிஏயே இல்லாத போர்ட்ல ஓடேக்கயும் லினக்ஸ் தன்ர கட்டங்கள அதே 16 பிட் வடிவத்திலதான் வைச்சிருக்கு. அச்சுக்கூடத்த இடிச்சு வெறும் நிலமாக்கின பிறகும் அதே பெட்டி அளவில கோடு கீறி வைச்சுக்கொண்டு இருக்கிறம். 2018ல 4.19 கேர்னலில பக்கத்தில ஒரு யுனிகோட் பிரதியும் வைக்கிற வசதி வந்தது, பார்வையில்லாதவைக்கு பிரெய்ல் கருவி வாசிக்கிறதுக்காக, அது நல்ல வேலை. ஆனா ஒரு கோட் ஒரு கட்டம் எண்ட கணக்கு அப்பிடியேதான். கோ எண்டதுக்குத் தனிக் கோட் இல்லாதபடியா 408 பெட்டி கட்டி வைச்சாலும் கேர்னலுக்கு எதை எடுக்கிறது எண்டு தெரியாது.

எங்கட ஆக்கள் பாமினி எண்ட பழைய ஃபொன்டில டைப் பண்ணின காலத்தில கொம்ப முதல் அடிச்சுத்தான் 'க'வ அடிப்பம், கண்ணுக்குத் தெரியிற வரிசையிலயே. அந்த முறைக்குக் கட்டம் கட்டமான கொன்சோல் ஓரளவு சரிவந்திருக்கும். யுனிகோட்ல உச்சரிக்கிற வரிசை, அதுதான் தேடுறதுக்கும் அடுக்கிறதுக்கும் சரி, ஆனா வரையிறவருக்கு மொழி தெரிஞ்சிருக்கோணும். ஜப்பான்காரர் இந்த இடத்தில செய்தது எனக்கு எப்பவும் பெரிய விசயம். என்இசியின்ர பிசி-98 வரிசைக் கொம்பியூட்டர்கள்ல கான்ஜி எழுத்துகள, அதாவது ஜப்பான் மொழியில இருக்கிற சீன எழுத்துகள, ரொம் சிப்பிலயே வைச்சிருந்தவை, எழுத்துத் தெரிஞ்ச ஹார்ட்வெயார். அதே நேரம் 1990ல ஐபிஎம் ஜப்பான் டொஸ்/வி எண்டு ஒண்டக் கொண்டு வந்தது, டெக்ஸ்ட் மோட விட்டுட்டு சாதாரண விஜிஏ கிராபிக்ஸ் மோட்ல ஒவ்வொரு எழுத்தையும் சொஃப்ட்வெயாரால வரைஞ்சு, ஆனா புரோகிராமுகளுக்கு டெக்ஸ்ட் மோட் மாதிரியே காட்டினது. தனி சிப் வேண்டாம், உலகத்தில விக்கிற எந்த பிசியிலயும் ஜப்பான் மொழி. கான்ஜிக்கு ஒரு எழுத்துக்கு ரெண்டு கட்டம் எண்டு ஒரு கணக்கு இருக்கிறபடியா அவைக்கு அது பொருந்திச்சு. லினக்ஸ்லயும் எஃப்பிடேர்ம், கேஎம்எஸ்கொன் எண்டு கேர்னலுக்கு வெளிய ஓடுற கொன்சோல்கள் இருக்கு, ஃபொன்ட் எல்லாம் நல்லாப் போடும், ஆனா அதுகளும் கட்டம் கட்டமாத்தான் வரையும்.

எண்டபடியா நாங்க கொன்சோல விட்டுட்டு நேர நிலத்துக்கே போனம். டெவ் ஃபோல்டருக்குள்ள எஃப்பி0 எண்டு ஒரு ஃபைல் இருக்கு, அதுதான் ஃப்ரேம்பஃபர், அதில எழுதிறது எல்லாம் ஸ்க்ரீனில விழும். முதல்ல கண்டபடி வாற இலக்கங்கள அதுக்குள்ள கொட்டச் சொன்னன், டிவி முழுக்கப் பழைய ரூபவாஹினி சிக்னல் இல்லாத நேரம் மாதிரி கலர் கலராப் பொரிஞ்சுது, முன் வாங்கில இருந்த சின்னப் பிள்ளையள் எல்லாம் எழும்பி வந்துட்டுதுகள். பிறகு பெடியன் சதுர ரூல் கொப்பியில 8க்கு 16 கட்டம் போட்டு 'க' கீறினான். 'க' வந்தது, 'ம' வந்தது, 'ண'வுக்கு 8 கட்டம் காணவே காணாது, அந்தச் சுழிகள் மூண்டும் ஒண்டோட ஒண்டு ஒட்டிப் போகுது. 16க்கு 32 ஆக்கிக் கீறினான், அப்பவும் நெருக்கம்தான், ஆனா வாசிக்கலாம். ஈய எழுத்து வார்த்த ஆக்கள் இந்த 'ண'வோட என்ன பாடு பட்டிருப்பினம் எண்டு அப்ப நினைச்சன்.

அடுத்த சனிக்கிழமை கையால கீறிறத விட்டுட்டு பைதன்ல ஒரு சின்னப் புரோகிராம் எழுதினம். எந்த எழுத்து எங்க நிக்கோணும் எண்டு ஹார்ஃப்பஸ் சொல்லும், அதின்ர புள்ளிகள ஃப்ரீடைப் குடுக்கும், நாங்க அந்தப் புள்ளிகள எஃப்பி0ல கொண்டு போய் வைக்கிறது மட்டும்தான். முதல் தரம் வரி வரியாச் சரிஞ்சு வந்தது, ஒரு வரிக்கு எத்தின பைட் எண்டதப் பிழையாக் குடுத்திருந்தம். அதத் திருத்தின பிறகு கறுப்பு ஸ்க்ரீனில வெள்ளையா திருகோணமலை எண்டு வந்து நிண்டுது, ரு ரு-வா, கொம்பு கொம்பிருக்க வேண்டிய பக்கத்தில. டெஸ்க்டொப் இல்ல, விண்டோ இல்ல, ஒண்டும் இல்ல, பூட் ஆன வெறும் கொன்சோல்ல. மச்சான் படிப்பிச்சுக்கொண்டு இருந்தத விட்டுட்டு வந்து பாத்திட்டு "இத எல்லா டிவியிலயும் போடுங்கோ" எண்டார்.

பெடியன் சந்தோசத்தில கிளியர் எண்டு அடிச்சிட்டான், பேர் அழிஞ்சு போச்சு. கேர்னலுக்கு அங்க ஒரு எழுத்து இருந்ததே தெரியாது, அதின்ர கணக்கில அந்தக் கட்டமெல்லாம் வெறுமை. அதால இப்ப அத பூட் முடியிற நேரம் தானா ஓடுற மாதிரி வைச்சு, கொன்சோலுக்கு மேல கொஞ்ச இடத்த ஒதுக்கி விட்டிருக்கிறம். டிவியப் போட்டா நாலு ராஸ்பெரி வரும், எழுத்து ஓடும், பிறகு மேல எங்கட ஊரின்ர பேர் வரும். லை-யின்ர கொம்பில மேல ஒரு பிக்சல் வெட்டுப்படுது, அத இந்தச் சனிக்கிழமை பாக்கிறம்.